டிரெசாஜ் பழகிய குதிரைக்கு மென்மையான வெஸ்டர்ன் கடிவாளம்: எதை வாங்கிவரச் சொல்ல?

உச்சிப்புளி தோப்புக்காரன்:

வணக்கம். உச்சிப்புளி பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன், கூடவே ஒரே ஒரு குதிரை. பெயர் கச்சான். 9 வயது, காயடித்த ஆண், தரோபிரெட், அதாவது ரேஸ் ஜாதி. கிண்டியில் ஓடிப் பெரிதாக ஒன்றும் ஜெயிக்காமல், அப்புறம் சென்னையிலேயே ஒரு ரைடிங் ஸ்கூலில் 3 வருடம் டிரெசாஜ் (சைகைக்கு அடி அளந்து நடக்கும் ஒழுங்குப் பயிற்சி) பழகி, அங்கே இடம் பற்றாமல் என்னிடம் வந்து சேர்ந்தவன். லாரியிலிருந்து இறங்கிய அன்று கச்சான் காற்று மணலை வாரி அடித்துக்கொண்டிருந்தது, அதனால் அந்தப் பெயர். (இலங்கையில் கச்சான் என்றால் வேர்க்கடலையாம். மண்டபத்தில் ஒரு நண்பர் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்.)

எனக்கு இடுப்பு வலி. டிரெசாஜ் சேணத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியவில்லை. போன வருடம் ஒரு பழைய வெஸ்டர்ன் சேணம் (அமெரிக்கக் கௌபாய் பாணி) கிடைத்தது, கட்டில் மாதிரி அகலம், அதில் ஏறியதிலிருந்து அரியமான் கடற்கரை ஓரமாகத் தினமும் காலையில் ஒரு மணி நேரம் போய் வருகிறேன். சேணம் மாறியதில் அவனுக்கும் குறை ஒன்றும் இல்லை. ஆனால் தலைவாரும் கடிவாளமும் பழைய டிரெசாஜ் செட்தான், சாதாரண ஸ்னாஃபிள், நடுவில் ஒரு மூட்டு, இரண்டு பக்கமும் சுழலும் வளையம். பார்க்க வேட்டி கட்டி பூட்ஸ் போட்ட மாதிரி இருக்கிறது, அது போகட்டும். பிரச்சினை என்னவென்றால் இரண்டு மாதமாகத் தலையை எறிகிறான். ட்ராட்டிலிருந்து (மெல்லோட்டம்) நடைக்கு இறக்கும்போது கண்டிப்பாக, சில நாள் சும்மா போகும்போதும். இந்தக் கடிவாளம் அவனுக்கு உறுத்துகிறதோ என்று நினைத்து, சேணமே வெஸ்டர்ன் ஆகிவிட்டது, கடிவாளத்தையும் மென்மையான வெஸ்டர்னாக மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

அக்கா மகன் டெக்சாஸில் இருக்கிறான், 20-ம் தேதி ஊருக்கு வருகிறான். கடையில் நின்றபடியே படம் அனுப்பினான். டாம் தம்ப் என்று பெயர். நடுவில் மூட்டு, இரண்டு பக்கமும் ஐந்து அங்குல நீளத்துக்கு நேரான தண்டு, தாடைக்குக் கீழே ஒரு வார். 'இதுவும் ஸ்னாஃபிள்தான், இருப்பதிலேயே சாது இதுதான்' என்று கடைக்காரர் சொன்னாராம். வாங்கலாமா? நான் இரண்டு கையிலும் வார் பிடித்துத்தான் ஓட்டுகிறேன், ஒரு கையில் பிடித்துக் கழுத்தில் வாரைச் சாய்த்துத் திருப்புவது எனக்கும் தெரியாது, கச்சானுக்கும் தெரியாது.


கீழக்கரை சயிஸ்:

தம்பி, மருமகனுக்கு இப்போதே போன் போட்டு அதை எடுத்த ஆணியிலேயே மாட்டிவிட்டு வரச் சொல்லுங்கள்.

நான் ஷார்ஜாவில் ஒரு லாயத்தில் 11 வருடம் இருந்தவன். புத்தகம் படித்துத் தெரிந்துகொண்டது எதுவும் இல்லை, ஆனால் தினம் விடியுமுன் 14 குதிரைக்கு வாயைத் திறந்து இரும்பு வைத்த கை இது. அங்கே ஒரு அமெரிக்கக்காரர் இரண்டு வெஸ்டர்ன் குதிரை வைத்திருந்தார், அவரிடம்தான் இந்தச் சாமானை எல்லாம் பார்த்தேன்.

நடுவில் மூட்டு இருந்தால் ஸ்னாஃபிள் என்று பாதிப் பேர் நினைக்கிறார்கள், விற்கிறவர்களும் அப்படித்தான் விற்கிறார்கள். மூட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வார் எங்கே மாட்டுகிறது என்று பாருங்கள். வாய்க்கம்பி முடிகிற இடத்தில் உள்ள வளையத்திலேயே வார் மாட்டினால் அது ஸ்னாஃபிள். கம்பிக்குக் கீழே தண்டு இறங்கி, தண்டின் அடியில் வார் மாட்டினால் அது கர்ப், வாயில் இருப்பது மூட்டானாலும் சரி முழுக் கம்பியானாலும் சரி, அட்டையில் என்ன பெயர் போட்டிருந்தாலும் சரி.

வித்தியாசம் சின்னது இல்லை. ஸ்னாஃபிளில் கையில் ஒரு கிலோ இழுத்தால் வாயில் ஒரு கிலோதான். தண்டு வைத்தது கடப்பாரை மாதிரி. கம்பிக்கு மேலே 2 அங்குலம், கீழே 4 அங்குலம் என்று வையுங்கள். தாடை வார் இறுகியதும் நீங்கள் இழுக்கிற ஒரு கிலோ தாடைக்குக் கீழே சுமார் 2 கிலோவாகவும், நாக்கிலும் ஈறிலும் சுமார் 3 கிலோவாகவும் போய் விழும். போதாததற்குக் காதுக்குப் பின்னால் தலைவாரும் அமுக்கும். டாம் தம்பில் இதோடு நடு மூட்டும் சேர்கிறது. இரண்டு பக்கமும் இழுத்தால் பாக்குவெட்டி மாதிரி நாக்கையும் ஈறையும் சேர்த்துக் கவ்வும். நீங்கள் இரண்டு கையில் ஓட்டுகிறவர் வேறு, வலது வாரை மட்டும் இழுத்தால் தண்டு சாய்ந்து தாறுமாறாகத் தாடையில் முட்டும், வலப்பக்கம் வா என்கிறானா போகாதே என்கிறானா என்று குதிரைக்கே விளங்காது. தலையை எறிகிற குதிரைக்கு அதை மாட்டினால் இன்னும் நன்றாக எறியும்.

இருக்கிற ஸ்னாஃபிளைக் கழற்றி வெஸ்டர்ன் தலைவாரில் மாட்டிப் பாருங்கள். வெஸ்டர்ன்காரர்களும் இளங்குதிரைக்கு ஸ்னாஃபிள்தான் போடுகிறார்கள். இரும்புக்கு ஜாதி கிடையாது.


சாயல்குடி வண்டி:

குதிரை வண்டிப் பந்தயம் ஓட்டுகிற வீட்டிலிருந்து எழுதுகிறேன். இங்கே பேசுவதைப் பார்த்தால் குதிரைக்கு வாயில் வெண்ணெய் வைத்து ஓட்டச் சொல்வீர்கள் போல. அண்ணே, உங்களுடையது ரேஸில் ஓடிய உருப்படி. ஈர மணலைப் பார்த்து ஒரு நாள் கிளம்பிவிட்டான் என்றால், இந்தச் சாது இரும்பு நிறுத்துமா? அரியமானில் ஞாயிற்றுக்கிழமை எத்தனை பிள்ளைகள் ஓடிக்கொண்டிருக்கும் என்று பார்த்திருக்கிறீர்கள். கையில் பிடி இருக்க வேண்டும். எங்கள் அப்பா காலத்தில் முள் வைத்த கடிவாளம் போட்டார்கள், அதற்காகக் குதிரை ஒன்றும் செத்துப்போகவில்லை. நான் அதைப் போடச் சொல்லவில்லை, ஆனால் தண்டு வைத்தது தப்பு என்று சொல்வதும் ஒப்பவில்லை. சாது இரும்பை மாட்டிக்கொண்டு ஆள் முழு பலத்தோடு தொங்குவதும் வாயைக் கெடுப்பதுதான்.


ஊருக்குத் திரும்பியவள்:

பரமக்குடிதான் சொந்த ஊர், கணவர் வேலைக்காகக் கொலராடோவில் 6 வருடம் இருந்துவிட்டு வந்தேன். அங்கே வெஸ்டர்ன் டிரெசாஜ்தான் கற்றுக்கொண்டேன். ஆமாம், அப்படியே ஒரு தனி வகை இருக்கிறது. வெஸ்டர்ன் சேணம், வெஸ்டர்ன் கடிவாளம், ஆனால் ஓட்டுகிற பாடம் டிரெசாஜ். அமெரிக்கக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2013-ல் இதை அங்கீகரித்தது. ஆக, தோப்புக்காரர் அண்ணன் செய்வது வேட்டிக்கு பூட்ஸ் இல்லை, உலகத்தில் ஆயிரம் பேர் செய்வதுதான்.

சயிஸ் காக்கா சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஒரு விஷயம் சேர்க்க வேண்டும். தண்டு வைத்த கடிவாளம் தன்னளவில் கொடுமைக் கருவி இல்லை. அது ஸ்பானியர்கள் கொண்டுபோன முறையிலிருந்து வந்தது. அந்த முறையில் குதிரையை முதலில் வாயில் எதுவும் இல்லாமல், மூக்கில் போசால் என்கிற பின்னல் வளையம் மட்டும் போட்டுப் பழக்குவார்கள், வருடக் கணக்கில் பழகிய பிறகுதான் தண்டு வைத்த இரும்பு வாய்க்குப் போகும். அப்போதும் வார் தொய்வாகத் தொங்கும். விரலை அசைத்தால் தண்டு லேசாக ஆடும், ஆடுவதைக் கேட்டே குதிரை நின்றுவிடும், அமுக்கம் வரைக்கும் போகவே போகாது. குதிரை அந்த ஆட்டத்தைக் கேட்கப் பழகியிருந்தால்தான் தண்டு மென்மை.

கச்சான் பழகியது அதற்கு நேர் எதிர். டிரெசாஜ் குதிரைக்கு வார் தொய்யக்கூடாது, கைக்கும் வாய்க்கும் நடுவில் எப்போதும் ஒரு லேசான பிடிப்பு இருக்க வேண்டும், அதைத் தேடி அது தானாகவே கழுத்தை நீட்டி வரும். அப்படிப் பழகிய வாயில் தண்டு வைத்ததை மாட்டி, பழைய பழக்கத்திலேயே பிடித்தால் என்ன ஆகும்? தாடை வார் ஒரு நிமிடம்கூடத் தளராது. குதிரை சொன்னதைச் செய்த பிறகும் அமுக்கம் நீங்காது. கொஞ்ச நாளில் அது தாடையை நெஞ்சோடு ஒட்டவைத்துக்கொண்டு வாருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். பார்க்கிறவர்களுக்கு அழகாகக் கழுத்தை வளைத்த மாதிரி இருக்கும், 'அட பரவாயில்லையே' என்பார்கள். நான் அப்படி ஒரு பெட்டைக் குதிரையைக் கெடுத்திருக்கிறேன், சரிசெய்ய எனக்கு 8 மாதம் ஆனது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மேல்நிலை டிரெசாஜிலும் தண்டு உண்டு, மறக்கவில்லை. இரண்டு இரும்பு, நான்கு வார். ஆனால் அங்கே மெல்லிய ஸ்னாஃபிள் தனியாக, கர்ப் தனியாக, வேண்டியதை வேண்டியபோது மட்டும் தொடலாம். அதற்கே தண்டின் கீழ்ப்பகுதி 10 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது என்று சர்வதேச விதி இருக்கிறது. வெஸ்டர்ன் போட்டிகளில் தண்டு மொத்தமாக எட்டரை அங்குலம் வரை போகலாம். நீளமான தண்டு மெதுவாகச் சுழலும், குதிரைக்கு யோசிக்க நேரம் கிடைக்கும் என்று அதற்கும் ஒரு நியாயம் சொல்வார்கள், உண்மைதான், ஆனால் அது தொய்வான வாருக்கு மட்டும்.

அண்ணனுக்கு என் யோசனை: வெஸ்டர்ன் டி-ரிங் ஸ்னாஃபிள் (வளையம் சுழலாமல் D வடிவில் நிற்பது), நடுவில் இரண்டு மூட்டு உள்ளது. நடுத்துண்டு உருண்டையாகவோ, நாக்கில் படுக்கையாகப் படிகிற பிரெஞ்சு லிங்காகவோ இருக்கட்டும். பாக்குவெட்டி வேலை குறையும், நாக்கு முழுவதும் பரவலாக உட்காரும். இதே மாதிரி தட்டை நடுத்துண்டோடு டாக்டர் பிரிஸ்டல் என்று ஒன்று இருக்கிறது, அதில் அந்தத் தட்டு சாய்ந்து விளிம்பு நாக்கில் பதியும். படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கையில் எடுத்துப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். முறுக்குக் கம்பி எதுவானாலும் வேண்டவே வேண்டாம், மெல்லியதாகப் பளபளவென்று விலை மலிவாக இருக்கும், அது ஈறில் அரம் மாதிரி.

ஸ்னாஃபிளிலும் வெஸ்டர்ன்காரர்கள் தாடைக்குக் கீழே ஒரு தோல்வார் கட்டுவார்கள். அதைப் பார்த்து கர்ப் என்று பயப்பட வேண்டாம், ஒரு பக்கம் இழுக்கும்போது வளையம் வாய்க்குள் போய்விடாமல் இருக்கத்தான், தளர்வாகக் கட்டினால் போதும்.


உச்சிப்புளி தோப்புக்காரன்:

காக்கா, அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. டாம் தம்ப் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவன் 'மாமா, பில் போட்டாச்சு' என்கிறான், திருப்பிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

சாயல்குடி தம்பி சொன்னதும் எனக்கு உள்ளூரப் பயம்தான். இதுவரை கிளம்பியது இல்லை, ஆனால் ஒரு தடவை கடற்படை ஹெலிகாப்டர் தாழப் பறந்தபோது இருபது முப்பது அடி பாய்ந்தான். அப்போது நான் இரண்டு கையாலும் இழுத்தேன், அது மட்டும் ஞாபகம் இருக்கிறது, எப்படி நின்றான் என்று தெரியவில்லை. தடிமன் பற்றியும் கேட்க வேண்டும். தடித்த கம்பி என்றால் மென்மை என்று சொல்கிறார்களே, இருப்பதிலேயே தடித்ததாகப் பார்த்து வாங்கலாமா?


ஆட்டு டாக்டர்:

கால்நடை மருத்துவர். இந்த மாவட்டத்தில் என் நாள் பெரும்பாலும் ஆட்டோடும் மாட்டோடும் போகிறது, குதிரை வருடத்துக்கு ஐந்தாறு பார்த்தால் அதிகம், ஆனாலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் போக முடியவில்லை. இவ்வளவு இரும்பு பேசினீர்கள், ஒருவர்கூட வாயைத் திறந்து பார்த்தீர்களா என்று கேட்கவில்லையே.

இரண்டு மாதமாகத்தான் எறிகிறான் என்றால், அதே கடிவாளத்தில் அதற்கு முன்னால் ஒழுங்காகப் போயிருக்கிறான். அப்படியானால் மாறியது இரும்பு இல்லை, வாய். குதிரையின் கடைவாய்ப்பல் வாழ்நாளில் பெரும்பகுதி வளர்ந்துகொண்டே இருக்கும், அரைத்து அரைத்துத் தேயும், மேல் தாடை கீழ் தாடையைவிட அகலம் என்பதால் மேல்பல்லின் வெளி ஓரமும் கீழ்ப்பல்லின் உள் ஓரமும் தேயாமல் கத்தி மாதிரி கூர்மையாக நிற்கும். வாரை இழுத்ததும் கன்னச் சதை போய் அந்தக் கூரில் மாட்டும். வருடத்துக்கு ஒரு முறை அரம் போட்டு ராவ வேண்டும். பெரும்பாலும் மேல் தாடையில், முதல் கடைவாய்ப்பல்லுக்கு முன்னால் ஓநாய்ப்பல் என்று குட்டியாக ஒன்று சில குதிரைக்கு இருக்கும், அதில் கம்பி இடித்தாலும் இதே தலையெறிதல்தான். ஆண் குதிரைக்கு 4, 5 வயதில் வருகிற கோரைப்பல் வேறு, அதை இதோடு குழப்ப வேண்டாம். சந்தேகமாக இருந்தால் திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள். மயக்க ஊசி போட்டு, வாய்த்தாங்கி மாட்டி, உள்ளே கைவிட்டுப் பார்க்க வேண்டிய வேலை இது. தோப்பில் நான்கு பேர் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை இல்லை.

தடிமன் விஷயம். தடித்த கம்பி அமுக்கத்தைப் பரப்பும், அதுவரை சரி. ஆனால் வாயில் இடம் வேண்டுமே. குதிரை வாயை மூடினால் நாக்கே இடத்தை நிறைத்துக்கொள்ளும், தரோபிரெட்டுக்கு வாய் ஒடுக்கமாக இருக்கும், சிலதுக்கு நாக்கு தடிப்பு, சிலதுக்கு மேலண்ணம் தாழ்வு. அந்த வாயில் 20 மி.மீ. கம்பியைத் திணித்தால் அது பந்தைக் கவ்விக்கொண்டு ஓடுகிற நாய் மாதிரிதான், வாயை மூடவே முடியாது. 14-லிருந்து 16 மி.மீ.க்குள் போதும். கடைவாயில் இரண்டு விரலைப் படுக்கையாக நுழைத்து வாயை மூடவிட்டுப் பாருங்கள், விரல் நசுங்குகிற அளவைக் கொண்டே எவ்வளவு இடம் என்று ஓரளவு தெரிந்துவிடும். அந்த இடத்தில் பல் கிடையாது, வெற்று ஈறு, எலும்பின் மேல் மெல்லிய தோல் மட்டும், கடிவாளம் என்று ஒன்று உலகத்தில் சாத்தியமானதே அந்த இடைவெளியால்தான். விரலை அதற்குப் பின்னால் மட்டும் கொண்டுபோகாதீர்கள்.

சாயல்குடிக்காரருக்கு: முள் கடிவாளம் அப்பா காலத்தோடு போகட்டும். வண்டி இழுக்கும் மிருகங்களுக்கான 1965-ம் வருட வதைத் தடுப்பு விதிகளிலேயே, ஓட்டுவதற்கோ சவாரிக்கோ முள்ளும் முண்டும் உள்ள கடிவாளம் கூடாது என்று இருக்கிறது. குதிரை செத்துப்போகவில்லை என்கிறீர்கள். நாக்கு பாதி அறுந்த குதிரையை நான் தைத்திருக்கிறேன், அதுவும் சாகவில்லைதான்.


சாயல்குடி வண்டி:

டாக்டர் சார், போடச் சொல்லவில்லை என்று அப்போதே எழுதியிருக்கிறேன். சரி, விடுங்கள். என் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. கிளம்பினால் எப்படி நிறுத்துவது?


கீழக்கரை சயிஸ்:

நியாயமான கேள்வி, தம்பி. கிளம்பின குதிரையை எந்த இரும்பும் நிறுத்தாது. பயந்து ஓடுகிறது, வாயிலும் வலிக்கிறது என்றால் வலிக்கு முன்னால் ஓடப் பார்க்கும். இரண்டு வாரையும் சேர்த்து இழுத்தால் அது இரும்பின் மேல் சாய்ந்துகொண்டு இன்னும் ஓடும், ரேஸ் குதிரைக்குப் பிடி இறுகினால் ஓடு என்றுதானே பழக்கம். ஒரு பக்க வாரை மட்டும் எடுத்து, விட்டு, எடுத்து, விட்டு வளைக்க வேண்டும். கடலோரம் என்றால் இறுகின ஈர மணலில் சட்டென்று திருப்பிவிடாதீர்கள், கால் வழுக்கி ஆளோடு விழும். பெரிய வட்டமாக மேலே காய்ந்த மணல் பக்கம் கொண்டுவாருங்கள், அந்தப் புதைமணலில் முழங்கால் வரை இறங்கினால் எப்பேர்ப்பட்ட கிண்டிக் குதிரையும் தானாக மூச்சு வாங்கும். இதை வெறும் நடையில், தோப்புக்குள், தினம் இரண்டு பக்கமும் பழக்கிவைத்தால்தான் அன்றைக்குக் கைக்கு வரும். தண்டு வைத்த டாம் தம்பில் ஒரு பக்க வாரை இப்படி எடுக்கவும் முடியாது, அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் பல்லைப் பற்றிச் சொன்னதைப் படித்ததும் ஒன்று ஞாபகம் வருகிறது. 13-ம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, அரபு நாட்டிலிருந்து கப்பல் கப்பலாக இங்கே குதிரை இறக்குவதைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். விற்கிற வணிகர்கள் குதிரை வைத்தியரை மட்டும் கூட்டிவர விடமாட்டார்களாம். இங்கே குதிரை பார்க்கத் தெரிந்தவன் இல்லை, வருடம் முடிவதற்குள் செத்துவிடும், மறுபடியும் கப்பல் நிறைய விற்கலாம். எங்கள் முன்னோர்களிலும் அந்த வியாபாரம் செய்தவர்கள் இருந்திருக்கலாம், எனக்கு என்ன தெரியும். இன்னும் இந்த ஊரில் பல் ராவ ஆள் தேடி திருநெல்வேலி போகச் சொல்கிறோம்.

கடலோரத்துக்கு இன்னொன்று. சுழலும் வளையத்தில், கம்பியும் வளையமும் சேர்கிற ஓட்டைக்குள் மணல் போய் உட்காரும், வளையம் சுற்றும்போது கடைவாய்த் தோலைக் கிள்ளும், மணலோடு கிள்ளினால் அரைத்தே எடுக்கும். தங்கச்சி சொன்ன டி-ரிங்கில் அந்தத் தொல்லை இல்லை. இனிப்பு இரும்பு என்று ஒன்று கொடுப்பார்கள், துருப்பிடிக்கும், அந்தத் துரு ருசிக்குக் குதிரை வாயில் எச்சில் ஊறும், நல்ல சாமான்தான். ஆனால் நம் கரையில் ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் உப்புக்காற்று அதைச் சல்லடை ஆக்கிவிடும். எவர்சில்வர் வாங்குங்கள், நடுத்துண்டு மட்டும் செம்பாக இருந்தால் சந்தோஷம். எதுவானாலும் ஓட்டி முடித்ததும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், போர்த் தண்ணீரில் கழுவினால் கழுவாததற்குச் சமம். குடத்து விலை தெரியும், அரைச் சொம்பு போதும். வெயிலில் தொங்கிய இரும்பை அப்படியே வாயில் வைத்துவிடாதீர்கள். உள்ளங்கையில் பத்து எண்ணும் வரை பிடித்துப் பாருங்கள், உங்களுக்குச் சுட்டால் அவனுக்கும் சுடும்.


உச்சிப்புளி தோப்புக்காரன்:

பதில் போடத் தாமதம், மன்னிக்கவும். போன செவ்வாய்க்கிழமை திருநெல்வேலி போய் வந்தோம். போக வாடகை வண்டி கிடைக்காமல் வாழைக்காய் லாரியில் ஏற்றிக்கொண்டு போனது தனிக்கதை. ஓநாய்ப்பல் இல்லை. ஆனால் மேலே இரண்டு பக்கமும் கடைவாய்ப்பல் ஓரம் கூர், இடது கன்னத்தில் உள்ளே புண். ராவிவிட்டார்கள். 10 நாள் வாயில் எதையும் வைக்காதே என்று சொல்லி அனுப்பினார்கள், வெறும் தலைக்கயிற்றோடு தோப்பைச் சுற்றி நடத்திக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றும் தெரிந்தது, அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. வாய்க்குக் குறுக்கே நூல் விட்டு அளந்தேன், கடைவாய்க்குக் கடைவாய் நாலே முக்கால் அங்குலம். இருக்கிற ஸ்னாஃபிள் ஐந்தரை. முக்கால் அங்குலம் பெரிது, இரண்டு வருடமாக வாயில் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நழுவிக்கொண்டே இருந்திருக்கிறது, மூட்டு நடுவில் நிற்காமல் ஒரு பக்கமாகப் போய் இடித்திருக்கிறது. குதிரையோடு வந்தது, குதிரைக்கு உரியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் சொன்னபடி விரலை நுழைத்தும் பார்த்தேன். இடம் குறைவுதான், நாக்கு வெளியே வழிகிற மாதிரி இருக்கிறது. அக்கா, அளவு என்ன சொல்லட்டும்? மருமகன் நாளைக்கு மறுபடி கடைக்குப் போகிறான்.


ஊருக்குத் திரும்பியவள்:

5 அங்குலம். டி-ரிங் கடைவாயை ஒட்டி நிற்கும், பக்கத்துக்கு ஒரு நூல் (அரைக்கால் அங்குலம்) இடம் இருந்தால் போதும். நாலே முக்கால் வாய்க்கு 5 சரியாக வரும். அமெரிக்கக் கடையில் அதுதான் சாதாரண அளவு என்பதால் தேட வேண்டியதும் இல்லை. கம்பி 14 மி.மீ. பக்கம், நடுத்துண்டு உருண்டை. வழவழப்பாக இருக்கிறதா என்று மூட்டு சேரும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், நகம் மாட்டினால் வேறு எடுக்கட்டும். மாட்டும்போது முதலில் கடைவாயில் ஒரே ஒரு மடிப்பு விழுகிற உயரத்துக்கு வையுங்கள். இரண்டு நாள் விட்டு, அவன் நாக்கால் அதை எங்கே தூக்கி வைத்துக்கொள்கிறான் என்று பார்த்து ஒரு ஓட்டை ஏற்றவோ இறக்கவோ செய்யலாம்.

வெஸ்டர்ன் வார் கனமாக இருக்கும், அதையும் ஒரு ஜோடி வாங்கிவரச் சொல்லுங்கள். கைக்கு முன்னாலேயே வாரின் கனம் வாய்க்குச் சேதி சொல்லும். பிற்காலத்தில் தண்டு வைத்ததற்கு மாறவேண்டும் என்று ஆசை வந்தால், ஒரு கையில் ஓட்டவும் வாரைத் தொங்கவிட்டே நிறுத்தவும் இந்த ஸ்னாஃபிளிலேயே பழக்கிவிட்டு வாருங்கள், அப்போது பேசலாம். குட்டையான தண்டு, நடுவில் நாக்குக்கு லேசான வளைவு, தாடை வாரில் இரண்டு விரல் இடம். இப்போதைக்கு அது வேண்டாம்.


சாயல்குடி வண்டி:

அண்ணே, அந்த நூல் அளவு எப்படி எடுத்தீர்கள் என்று கொஞ்சம் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் இரண்டு குதிரைக்கும் ஒரே கடிவாளம்தான் மாறி மாறிப் போடுகிறோம், ஒன்று நாட்டுக்குட்டை, ஒன்று பெரிய சைஸ்.


உச்சிப்புளி தோப்புக்காரன்:

கெட்டியான சணல் கயிறு, ஒரு முனையில் முடிச்சு. கடிவாளம் வைப்பது போலவே வாய்க்குள் குறுக்கே விட்டு, முடிச்சை ஒரு கடைவாயில் ஒட்டவைத்து, மறு கடைவாயில் கயிற்றைப் பேனாவால் குறித்துக்கொள்ள வேண்டியது. கயிற்றில் கொஞ்சம் கருப்பட்டி தடவினேன், சும்மா நின்றான். அளந்து முடிப்பதற்குள் கயிற்றில் பாதியைத் தின்றுவிட்டான், அதனால் முடிச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.